மீட்டர் கேஜ் ஸ்டேஷன் மாடல்: என், ஹெச்ஓ, ஹெச்ஓஎம், ஓ, எந்த அளவில் கட்டுவது?

மாடல் ரயில் பக்கம் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த ஸ்கேல் வாங்கலாம்?" என்றுதான். ஸ்கேல் என்றால் நிஜத்தை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்ற அளவு. பாதிப் பேர் கேட்பதற்கு முன்பே ஒரு எஞ்சினை வாங்கியிருப்பார்கள். அதற்கேற்ற தண்டவாளம், அதற்கேற்ற கட்டிடம் என்று அந்த எஞ்சின் பின்னாலேயே போவார்கள், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மேஜை மேல் ஜெர்மனி கிராமத்து ஸ்டேஷன் ஒன்று இருக்கும், அவர்கள் மனதில் இருந்த ஓட்டுக் கூரையும் புங்கமரமும் மஞ்சள் பெயர்ப்பலகையும் எங்கேயும் இருக்காது. எஞ்சின் கடைசியில் வாங்க வேண்டியது. எந்த ஸ்டேஷன் என்பதுதான் முதல் முடிவு.

இங்கே நான் எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டு மீட்டர் கேஜ் காலத்துச் சின்ன ஸ்டேஷன். பலருக்கும் ஆசை அதன் மேல்தான், ஏனென்றால் அது நம் கண்ணெதிரே போனது. செங்கோட்டை-கொல்லம் பாதை 1904-இல் வந்தது, மலைப் பகுதியில் 2010-இல் மீட்டர் கேஜ் வண்டி நின்றது, 2018-இல் முழுப் பாதையும் அகலப் பாதையாகத் திரும்பியது. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் ஓடுவது மேட்டுப்பாளையம்-ஊட்டி மலை ரயிலில் மட்டும். டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு நேரில் போய் அளக்க விரும்பினால், ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கேத்தி, லவ்டேல் மாதிரி ஸ்டேஷன்களுக்குப் போங்கள். பல்சக்கரப் பாதை கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான், இந்த ஸ்டேஷன்கள் இருக்கும் மேல் பகுதியில் கிடையாது, அதனால் மாடலில் ஒரு பெரிய வேலை குறையும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, இடம். எத்தனை அடி அறை என்பதை விட, அந்த அறை உங்களுடையதா என்பது முக்கியம். வாடகை வீடென்றால் லேஅவுட், அதாவது பாதையும் ஸ்டேஷனும் பொருத்திய பலகை, ஒருநாள் கதவு வழியாக வெளியே போயாக வேண்டும், படிக்கட்டில் திரும்ப வேண்டும். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலத்துக்கு மேல் ஒரு பலகை இருந்தால் இரண்டு பேர் இல்லாமல் நகராது.

இரண்டாவது, பாதையின் அகலம். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மீட்டர் கேஜ் பெட்டியின் அகலம் ஏறக்குறைய 2.74 மீட்டர், அதன் கீழே தண்டவாளம் 1 மீட்டர். அதாவது பெட்டி பாதையைப் போல இரண்டே முக்கால் மடங்கு. அகலப் பாதையில் 3.25 மீட்டர் பெட்டி 1.676 மீட்டர் பாதையில் ஓடுகிறது, இரண்டு மடங்கைக்கூடத் தொடவில்லை. மீட்டர் கேஜ் வண்டி வரும்போது பாயின்டில், அதாவது பாதை பிரியும் இடத்தில், ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டு வருமே, அந்த முகம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இது தப்பினால் மீதி எல்லாம் சரியாக இருந்தும் பார்ப்பவருக்கு "என்னவோ இடிக்குது" என்று தோன்றும், என்னவென்று சொல்லத் தெரியாது.

மூன்றாவது, பார்ப்பவரின் கண் எங்கே நிற்கப்போகிறது. பிளாட்பாரத்தில் நிற்கும் ஆளின் கண்ணா, எதிர்க் குன்றின் மேல் நிற்கும் ஆளின் கண்ணா? முதலாவது என்றால் கட்டிடமும் ஆட்களும் பேச வேண்டும். இரண்டாவது என்றால் வண்டியும் வெளியும் பேச வேண்டும்.

அப்புறம், கடையில் கிடைப்பது எவ்வளவு, கையால் செய்ய வேண்டியது எவ்வளவு, நம் ஊர்த் தூசியிலும் ஈரத்திலும் தடங்கலில்லாமல் ஓடுமா, வாங்கும்போது தெரியாத செலவு என்ன. இவற்றை ஒவ்வொரு அளவிலும் பார்ப்போம்.

கணக்குக்காக ஒரு ஸ்டேஷனை வைத்துக்கொள்கிறேன். 15 மீட்டர் நீளமுள்ள ஓட்டுக் கட்டிடம், மெயின் லைன், அதிலிருந்து பிரிந்து மறுபடி சேரும் லூப் லைன், ஒரு முனை மூடிய சைடிங் ஒன்று. வண்டி என்பது ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினும் 6 பெட்டியும், சுமார் 135 மீட்டர். நிஜத்தில் வண்டிகள் இன்னும் நீளம், ஆனால் நீளத்தைச் சுருக்கலாம், கட்டிடத்தைச் சுருக்கவே கூடாது. 12 பெட்டி வண்டியை 6 ஆக்கினால் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கட்டிடத்தை முக்கால் ஆக்கினால் கதவும் ஜன்னலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கீழே பெயரின் கடைசியில் வரும் 'எம்' மீட்டர் கேஜைக் குறிக்கும்: என்எம் என்பது என் அளவின், ஓஎம் என்பது ஓ அளவின் மீட்டர் கேஜ் வடிவம்.

| | என்எம் | ஹெச்ஓ | ஹெச்ஓஎம் | ஓஎம் |
|---|---|---|---|---|
| விகிதம் | 1:160 | 1:87 | 1:87 | 1:45 |
| மாடல் பாதை | 6.5 மி.மீ. | 16.5 மி.மீ. | 12 மி.மீ. | 22.5 மி.மீ. |
| நிஜத்தில் அது காட்டும் அகலம் | 1,040 மி.மீ. | 1,435 மி.மீ. | 1,044 மி.மீ. | 1,012 மி.மீ. |
| 15 மீட்டர் கட்டிடம் | 9.4 செ.மீ. | 17 செ.மீ. | 17 செ.மீ. | 33 செ.மீ. |
| எஞ்சின் + 6 பெட்டி | 84 செ.மீ. | 1.55 மீ. | 1.55 மீ. | 3 மீ. |
| 165 செ.மீ. உயர ஆள் | 10 மி.மீ. | 19 மி.மீ. | 19 மி.மீ. | 37 மி.மீ. |
| 20 மீட்டர் பனைமரம் | 12.5 செ.மீ. | 23 செ.மீ. | 23 செ.மீ. | 44 செ.மீ. |

## என்: வெளி வேண்டுமென்றால்

சாதாரண என் அளவில் பாதை 9 மி.மீ., அது உலகத் தர அகலமான 1,435-ஐக் காட்டுவது. மீட்டர் கேஜுக்கு, இதைவிடச் சிறிய இசட் அளவின் 6.5 மி.மீ. தண்டவாளத்தைப் போட்டு, அதன் மேல் 1:160 உடம்பை வைப்பார்கள். கணக்கு ஒத்துப்போகிறது.

இதன் பலம் ஒன்றே ஒன்று, அது பெரிய பலம். இரண்டு மீட்டர் பலகையில் ஸ்டேஷனும் வரும், அதற்கு வெளியே வயலும் வரும், பின்னால் மலையும் வரும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஸ்டேஷனின் அழகு பாதி அதன் பின்னால் நிற்கும் மலை. அதை ஹெச்ஓவில் காட்ட ஒரு சுவர் முழுக்க வேண்டும்.

ஆனால் ஆள் 10 மி.மீ. புடவையா பேன்ட்டா என்பது நிறத்தில் மட்டுமே தெரியும். பிளாட்பாரத்துச் சிமென்ட் பெஞ்ச், சிவப்புத் தீ வாளி வரிசை, மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு எல்லாம் வைக்கலாம், பூதக்கண்ணாடி இருந்தால் பார்க்கலாம். எனது முதல் லேஅவுட் இந்த அளவில்தான். வருகிறவர்கள் வண்டியைப் பார்த்தார்கள், மலையைப் பார்த்தார்கள், நான் மூன்று மாதம் உட்கார்ந்து செய்த ஸ்டேஷன் மாஸ்டர் அறையை ஒருவரும் பார்க்கவில்லை. அது அவர்கள் தப்பில்லை, அந்த அளவில் கண் அங்கே போகாது.

மறைந்திருக்கும் செலவு ஓட்டத்தில். எஞ்சின் எடை குறைவு, சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஊசிமுனை. மின்விசிறி ஓடும் அறையில் ஒரு வாரத் தூசி போதும், வண்டி பாயின்டில் நின்றுவிடும். பெரிய அளவுகளில் மின்சாரம் ஒரு நொடி விட்டாலும் தாங்குவதற்கு ஒரு கெப்பாசிட்டரை எஞ்சினுக்குள் வைக்கலாம், இங்கே அதற்கு இடமே இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள் நல்ல விளக்குக்கும் தலையில் மாட்டும் லென்ஸுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.

யாருக்கு இது சரி? ஒற்றை அறை வீடு, மலையும் பாலமும் சேர்ந்த காட்சி வேண்டும், வண்டி நீளமாக ஓட வேண்டும் என்பவர்களுக்கு.

## ஹெச்ஓ 16.5 மி.மீ.: எல்லாம் கிடைக்கும், மீட்டர் கேஜ் தவிர

உலகத்தில் அதிகம் விற்பது இதுதான். தண்டவாளம், பாயின்ட், டிகோடர் (எஞ்சினுக்குள் வைக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு), சக்கரம் எல்லாம் எளிதில் கிடைக்கும், பழுதானால் மாற்றும் கிடைக்கும். ஆரம்பிக்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் மீட்டர் கேஜுக்கு வேண்டாம். 1,435 என்பது 1,000-ஐ விட 43 சதவீதம் அதிகம். மேலே சொன்ன அந்த முகமே போய்விடும்.

இன்றைய அகலப் பாதை ஸ்டேஷனைக் கட்டுகிறவர்களுக்கு நிலைமை வேறு. 1,676 மி.மீ. பாதை 1:87-இல் 19.3 மி.மீ. வர வேண்டும், கடைத் தண்டவாளம் 16.5 தான். வண்டியை எதிரிலிருந்து பார்த்தால் கால் ஒடுங்கித் தெரியும். பக்கவாட்டில், பிளாட்பாரத்தின் மேலிருந்து பார்த்தால் தெரியாது, ஏனென்றால் உயரமான பிளாட்பாரம் சக்கரத்தையே மறைத்துவிடுகிறது. ஆகவே அகலப் பாதை ஸ்டேஷனை 16.5-இல் கட்டுகிறவர்கள், பார்ப்பவர் நிற்கும் பக்கத்தில் பிளாட்பாரத்தை வைத்து, பாதையின் இரு முனைகளையும் பாலத்தாலோ மரத்தாலோ மறைத்துவிட்டால் போதும், நிம்மதியாக ஓட்டலாம். இதிலும் மறைந்த செலவு நீளம்தான். இன்றைய 24 மீட்டர் நீள எல்ஹெச்பி வகைப் பயணிகள் பெட்டி 27 செ.மீ. வருகிறது, எட்டுப் பெட்டி வைத்தாலே இரண்டே கால் மீட்டர் பிளாட்பாரம், அந்த நீளப் பெட்டிகள் வளைவில் அசிங்கமாகத் துருத்தாமல் இருக்க 75 செ.மீ.க்குக் குறையாத ஆரம் வேண்டும்.

## ஹெச்ஓஎம் 12 மி.மீ.: நான் நிற்கும் பக்கம்

ஸ்விட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலைப் பாதைகளுக்காக ஐரோப்பாவில் வளர்ந்த அளவு இது. பெமோ நிறுவனம் அந்த வண்டிகளை இதில் செய்கிறது, டில்லிக், பெக்கோ போன்றவர்களிடம் தண்டவாளம் கிடைக்கிறது. ஜப்பானிலும் தங்கள் 1,067 மி.மீ. பாதையைச் சரியாகக் காட்ட நினைக்கும் ஒரு கூட்டம் 1:87-இல் 12 மி.மீ. தான் போடுகிறது. 1,044 என்பது 1,000-க்கு நாலரை சதவீதம் மட்டுமே அதிகம், கண் அதைப் பிடிக்காது.

நம் ஊர் வண்டி? அதைக் கையால் செய்துகொள்ள வேண்டும், இதுதான் இந்த அளவின் விலை. பெட்டி உடம்பை ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டலாம், முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். எஞ்சினுக்கு வழக்கமான வழி, 12 மி.மீ. பாதையிலேயே ஓடும் டிடி அளவு, அதாவது 1:120, ஆறு அச்சு டீசல் ஒன்றின் அடிப்பகுதியை எடுத்து அதன் மேல் ஒய்டிஎம்-4 உடம்பை உட்கார வைப்பது. சக்கரம் கொஞ்சம் சிறிதாக இருக்கும், சக்கரங்களைத் தாங்கும் போகியின் பக்கச்சட்டம் பெரும்பகுதியை மறைத்துவிடும். ஒய்பி நீராவி எஞ்சினுக்கு இந்தக் குறுக்கு வழி கிடையாது. அதன் சக்கரங்கள் வெளியே தெரிபவை, அளவு தப்பினால் மொத்தமும் தப்பு.

தண்டவாளத்தில் ஒரு நுணுக்கம். மீட்டர் கேஜில் பரவலாக இருந்த, கஜத்துக்கு 60 பவுண்டு எடையுள்ள தண்டவாளக் கம்பியின் உயரம் சுமார் 114 மி.மீ., 1:87-இல் அது 1.3 மி.மீ. கடையில் வரும் கோட் 75 வகைக் கம்பி 1.9 மி.மீ., கோட் 55 என்றால் 1.4 மி.மீ. கடைத் தண்டவாளத்தின் ஸ்லீப்பரும் ஐரோப்பிய மரக்கட்டை, நம்முடைய பழைய பாதைகளில் பலவற்றில் இருந்தது இரண்டு வார்ப்பிரும்புத் தட்டுகளை ஒரு இரும்புப் பட்டை இணைக்கும் சிஎஸ்டி-9. முழுப் பாதையையும் கையால் போட வேண்டியதில்லை. பிளாட்பாரத்தின் முன்னால் கண்ணுக்கு நேரே வரும் ஒன்றரை மீட்டர் மெயின் லைனை மட்டும் கோட் 55-இல் கையால் போடுங்கள். லூப் லைனில் ஸ்லீப்பர் பாதி மண்ணில் புதைந்து, புல் முளைத்துத்தான் கிடக்கும், அங்கே கடைத் தண்டவாளத்தின் மேல் மண்ணைத் தூவினால் யாருக்கும் தெரியாது.

ஜல்லிக்குப் பணம் செலவழிக்காதீர்கள். நிஜ ஜல்லி சுமார் 50 மி.மீ., 1:87-இல் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கிரஷர் தூளை டீ வடிகட்டியில் சலித்தால் அந்த அளவு கிடைக்கும், நிறமும் நம் ஊர் கருங்கல் நிறமாகவே இருக்கும். சலித்ததும் ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதற்குள் நாலைந்து முறை ஓட்டுங்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்காமல் போட்டால் எஞ்சின் மோட்டார் அதை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, சொட்டுச் சொட்டாக ஊற்றினால் கல் நகராமல் உள்ளே இறங்கும்.

கூரைதான் இந்த அளவை நான் விரும்புவதற்குக் காரணம். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 வேண்டும், நமது கட்டிடத்தின் இரண்டு சரிவும் சேர்ந்து 120 சதுர மீட்டர் என்று வைத்தால் 1,800 ஓடு. என் அளவில் அதை ஒரு படமாக அச்சடித்து ஒட்டிவிடலாம். ஓ அளவில் ஒவ்வொரு ஓட்டுக்கும் தனி வடிவம் கேட்கும். ஹெச்ஓவில் நடுவழி இருக்கிறது. சார்ட் பேப்பரை 5 மி.மீ. அகலப் பட்டைகளாக வெட்டி, ரப்பர் விரிப்பின் மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் 2.3 மி.மீ.க்கு ஒரு கோடு அழுத்துங்கள், குழி விழும். சரிவுக்குப் பன்னிரண்டு பட்டை, கீழிருந்து மேலாக, ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் ஒரு மில்லிமீட்டர் ஏறும்படி. காவி நிறம் அடித்துக் காய்ந்ததும், அங்கங்கே பத்துக்கு ஒரு ஓட்டைக் கருக்கி, இறவாரத்தின் ஓரத்தில் மட்டும் பாசி நிறத்தைத் தொட்டு வையுங்கள். இரண்டு மாலை வேலை. ஜன்னல் பக்கம் வெயில் சாய்வாக விழும்போது அந்தக் குழிகளில் நிழல் தேங்கும் பாருங்கள், அப்போது அது கூரையாகவே ஆகிவிடுகிறது.

கைகாட்டிக்கு ஒரு வசதி. நம் தெற்கு ரயில்வே ஸ்டேஷன்களில் இருந்தது கீழ்நோக்கி விழும் கை, பிரிட்டனில் 1:76 அளவில் அதே வகைக் கிட்கள் உண்டு. கம்ப உயரத்தைக் கொஞ்சம் வெட்டினால் 1:87 ஸ்டேஷனில் உறுத்தாது. பலகைக்கு அடியில் ஒரு சின்ன சர்வோ மோட்டார் வைத்துக் கையை மெதுவாக இறக்கலாம்.

மறைந்த செலவு, பாயின்ட். ஹெச்ஓவை விட வகை குறைவு, விலை அதிகம், தபாலில் வர வாரக்கணக்கில் ஆகும், சுங்க வரி தனி. மூன்று பாயின்டுக்கு மேல் வேண்டாத ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்தால் இது சமாளிக்கக் கூடியதுதான். ஆட்களும் கோட் போட்ட ஐரோப்பியர்களாகத்தான் வருவார்கள். டிஷ்யூ பேப்பரை ஃபெவிகாலில் நனைத்துச் சுற்றினால் வேட்டி, புடவை முந்தானை இரண்டும் வரும், 19 மி.மீ. ஆளுக்கு அதுவே போதும்.

## ஓ: ஒரு பிளாட்பாரம், ஒரு வண்டி, அவ்வளவே

ஒற்றைப் பாதையில் போக அனுமதியாக டிரைவரிடம் கொடுக்கும் டோக்கன் வளையம் ஒன்றை, 1:45 அளவில் செய்ததை, ஒரு முறை கையில் வைத்துப் பார்த்தேன். தோல்பையின் தையல்வரை இருந்தது. இந்த அளவில் ஒரு பொருள் தன் எடையோடு இருக்கும், வண்டி நிற்கும்போதும் புறப்படும்போதும் அந்தக் கனம் தெரியும், நல்ல ஸ்பீக்கர் வைக்க இடமும் உண்டு. தூசிக்கு அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் 3 மீட்டர் வண்டி நிற்க, இரு முனையிலும் பாயின்ட் சேர்த்து, ஐந்து மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். சுற்றி வளைத்து ஓட்ட நினைத்தால் ஹால் போதாது. இரண்டே பெட்டியோடு, ஸ்டேஷனின் ஒரு முனையை மட்டும் எடுத்துக் கட்டுவது ஒரு நல்ல வழி. மலை ரயிலின் குட்டைப் பெட்டிகள் இதற்கு மிகப் பொருத்தம்.

செலவு ஒளிந்திருப்பது வண்டியில் இல்லை. ஆளுக்கு முகம் வேண்டும், கண் வேண்டும், கையில் மஞ்சப்பை இருந்தால் அதன் மடிப்பும் வேண்டும். ஒரு பனை கிட்டத்தட்ட அரை மீட்டர், அதன் ஒவ்வொரு மட்டையையும் விசிறியாக மடித்து வெட்ட வேண்டும், நாலு பனை முடிக்க ஒரு மாதம் போகும். ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் என்ன இருக்கிறது என்றும் தெரியும், எனவே அறைக்குள்ளேயும் கட்டியாக வேண்டும். பொறுமையுள்ள, சொந்த வீடுள்ள, ஓட்டுவதை விடச் செய்வதில் மனம் உள்ளவர்களுக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது.

## ஆக, யாருக்கு எது

பிளாட்பாரத்தில் நிற்கும் கண்ணுக்காகக் கட்டுகிறீர்கள், மீட்டர் கேஜ்தான், ஒரு சுவரில் இரண்டரை முதல் மூன்று மீட்டர் கிடைக்கும் என்றால் 12 மி.மீ. ஹெச்ஓஎம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அகலப் பாதை ஸ்டேஷன், கையில் செய்ய நேரம் குறைவு என்றால் ஹெச்ஓ. மலையும் வெளியும்தான் உங்கள் நினைவென்றால் என். ஒரு மூலையை மட்டும் உயிரோடு கொண்டுவர ஆசையென்றால் ஓ. முதல் எஞ்சினைப் பரிசாக யாரோ ஹெச்ஓவில் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக மட்டும் அந்த அளவில் மீட்டர் கேஜ் ஸ்டேஷன் கட்ட உட்காராதீர்கள். அந்த எஞ்சினை அலமாரியில் வைத்துப் பாருங்கள், அது போதும்.

எந்த அளவானாலும் பலகைக்கு வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் வாங்குங்கள், அடியில் கறையான் மருந்து அடியுங்கள், தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் வையுங்கள், உட்கார்ந்தால் கண் பிளாட்பாரத்துக்கு நேராக வரும். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பாதை வரைபடத்தை முழு அளவில், ஏ4 தாள்களாக அச்செடுத்து, ஒட்டி, தரையில் விரியுங்கள். கட்டிடம் இருக்கும் இடத்தில் அதே அளவில் ஒரு அட்டைப்பெட்டி, வண்டிக்குப் பதிலாக அந்த நீளத்தில் வெட்டிய ஒரு மரச்சட்டம். பக்கத்தில் தலையணை போட்டுப் படுத்து, கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும். வண்டி லூப்பில் முழுதாக நிற்கிறதா, பாயின்ட் விழும் இடத்தில் பலகையின் மூட்டு வருகிறதா, கதவைத் திறந்தால் சைடிங்கில் இடிக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும், அதற்கு ஆகும் செலவு நாற்பது தாளும் ஒரு செல்லோடேப்பும்.